பெரியப்பாவை வீட்லயே வெச்சுப் பார்த்துக்கிட்டோம்: ஊர்ல என்ன கிடைக்குது, என்ன கிடைக்கல

இந்த தடவை லெஸ்டர்ல இருந்து ஊருக்குப் போனது லீவுக்கு இல்ல, பெரியப்பாவுக்காக. கன்னத்துல கேன்சர், வெத்தலை போயிலை பழக்கம், ஆபரேஷன் ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு மறுபடி வந்துருச்சு. பாபநாசம் பக்கத்துல கிராமம். வெளிநாட்ல இருந்து இந்த மாதிரி நேரத்துல அடிச்சுப் பிடிச்சு ஓடி வர்றவங்களுக்கு உதவும்னுதான் எழுதறேன், பாராட்டும் இருக்கு, புலம்பலும் இருக்கு.

புலம்பலை முதல்ல சொல்லிடறேன். நான் வர்றதுக்கு முன்னாடி அண்ணன் ஒரு பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரில சேர்த்திருந்தார், ஐசியூ, ஸ்கேன், தினம் ரத்த டெஸ்ட், எல்லாம் நடக்குது ஆனா மனுஷன் வலில துடிக்கறார், வலிக்கு என்ன குடுக்கறீங்கன்னு கேட்டா பாரசிட்டமால் டிரிப்ஸ் போகுதுன்னு பதில். இனிமே குணமாகாதுன்னு யாரும் வாயத் திறந்து சொல்லல, அடுத்து வென்டிலேட்டர் தேவைப்படலாம், கையெழுத்துப் போடுங்கன்னு மட்டும் சொன்னாங்க. பெரியப்பாவே "வீட்டுக்குப் போலாம்டா"ன்னுட்டார். கூட்டிட்டு வந்துட்டோம்.

காப்பாத்தினதுன்னு சொன்னா எங்க கடைத்தெரு டாக்டர்தான். வெறும் எம்பிபிஎஸ், காய்ச்சல் சளிக்குப் போற கிளினிக், சாயங்காலம் கூட்டம் முடிஞ்சு ஸ்கூட்டர்ல வீட்டுக்கு வந்தார். நாடித்துடிப்பு பார்க்கறதுக்கு முன்னாடி பெரியப்பாகிட்ட "எங்கய்யா ரொம்ப வலிக்குது, ராத்திரி தூங்கறீங்களா"ன்னு கேட்டார், அந்தக் கேள்விய அதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. மார்ஃபின் மாத்திரை (அபின்ல இருந்து எடுக்கற வலி மருந்து) ஆரம்பிக்கணும், ஆனா என் கிளினிக்ல வெச்சுக்க முடியாது, மெடிக்கல் ஷாப்லயும் கிடைக்காது, அங்கீகாரம் வாங்கின ஆஸ்பத்திரிலதான் தருவாங்கன்னு லெட்டர் எழுதிக் குடுத்தார். 2014ல போதைமருந்து சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் வெச்சுக்க ஆஸ்பத்திரிங்க நாலஞ்சு லைசென்ஸ் வாங்கற தொல்லைய எடுத்துட்டாங்க, ஆனாலும் கிராமத்துக்கு பக்கத்துல கிடைக்கற நெலம இன்னும் வரல. பேஷண்ட்ட நேர்ல பார்க்காம தர மாட்டோம்னு அங்க சொல்லிட்டாங்க, அந்த உடம்போட கார்ல படுக்க வெச்சுக் கூட்டிட்டுப் போனோம், அதுக்கப்புறம் ஃபைலை மட்டும் எடுத்துட்டுப் போனா போதும்னாங்க.

அபின் மாத்திரையாச்சே, குடுத்தா சீக்கிரம் போயிடுவாரோன்னு பெரியம்மாவுக்கு ஒரே பயம். டாக்டர் தினசரி காலண்டர் தாளைக் கிழிச்சு பின்பக்கம் எழுதினார்: காலைல 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10க்கு மட்டும் ரெண்டு மாத்திரை, அப்பதான் நடுராத்திரி எழுப்ப வேண்டாம். வலி வந்தப்புறம் குடுக்காதீங்க, மணி அடிச்சா குடுங்கன்னார். கூடவே மலம் இளக மருந்து கண்டிப்பா, இல்லன்னா மலச்சிக்கல்ல வேற அவதிப்படுவார். ரெண்டே நாள்ல பெரியப்பா உக்காந்து பேப்பர் கேட்டார், யாராவது படிக்கணும், அவர் திட்டணும், பழைய மனுஷன் திரும்பிட்டார்.

இன்னொண்ணு, தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம். 2021ல ஆரம்பிச்சப்போ இதெல்லாம் போஸ்டருக்குத்தான்னு நெனச்சவன் நான். சுகர் பிரஷர் மாத்திரை மட்டும் இல்ல, படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கும் நர்ஸ் வீட்டுக்கு வர்றாங்க. புண்ணுல இருந்து வாடை தாங்க முடியாம பேரப்பசங்க ரூமுக்குள்ளயே வர்றதில்ல. அந்த நர்ஸ் உப்புத் தண்ணில கழுவி, மெட்ரோனிடசோல்ங்கற கிருமிக்கொல்லி மாத்திரைய பொடி பண்ணித் தூவி கட்டு போட்டாங்க, பெரியம்மாவுக்கும் சொல்லிக் குடுத்தாங்க, ரெண்டு மூணு நாள்ல வாடை நல்லா கொறஞ்சு பசங்க உள்ள வர ஆரம்பிச்சாங்க. ஆனா அவங்களுக்கு எத்தனை கிராமம் பாருங்க, கூப்பிட்ட உடனே வர முடியாது.

குறைன்னா ராத்திரிதான். எங்க மாமியார் இங்கிலாந்துல வீட்ல இறந்தப்போ ஜிபி (அங்க குடும்ப டாக்டர்) முன்கூட்டியே வலி, மூச்சுத்திணறல், குமட்டல், தொண்டைல கரகரப்பு எல்லாத்துக்கும் ஊசி மருந்து எழுதி ஒரு டப்பால வீட்லயே வெச்சுட்டார், ராத்திரி ஃபோன் பண்ணா வீடு வீடா போற டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் வந்து போடுவாங்க. (அந்த ஜிபிய சாதாரண நாள்ல ஃபோன்ல பிடிக்கறதுக்குள்ள உயிரு போகும், அது வேற கதை.) ஊர்ல ராத்திரி கூப்பிட்டா 108 வரும், வந்தா ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டுப் போவாங்க, திரும்ப அதே ஐசியூ. டாக்டர் தன் சொந்த நம்பரைக் குடுத்து, மூச்சு இழுத்தா தலைய உயர்த்தி ஃபேன் போட்டு எனக்கு அடிங்கன்னார், நாங்க தப்பிச்சோம். எல்லாருக்கும் அப்படி ஒருத்தர் அமையுமா? இத நம்பி ஒரு அரசாங்கம் இருக்கக்கூடாது.

வென்டிலேட்டர் வேணாம்னு நெனைக்கறவங்க தெளிவா இருக்கும்போதே எழுதி வெச்சுடுங்க. 2018ல சுப்ரீம் கோர்ட் இதுக்கு அனுமதி குடுத்தது, அப்போ மாஜிஸ்ட்ரேட் முன்னாடி போகணும்னு இருந்துச்சு, 2023ல அத மாத்தி ரெண்டு சாட்சியோட நோட்டரி இல்லன்னா கெஜட்டட் ஆபீசர் போதும்னு ஆக்கிட்டாங்க.

வீட்ல இறந்தா போலீஸ் வருமான்னு அண்ணன் கேட்டுக்கிட்டே இருந்தார். நோய்ல இறந்தா வராது. பார்த்துக்கிட்ட டாக்டர்கிட்ட இறப்புக் காரணம் எழுதின 4ஏ ஃபாரம் வாங்கிக்கணும், கிராமத்துல விஏஓகிட்ட பதிவு பண்ணணும், 21 நாளுக்குள்ளன்னா கட்டணம் கிடையாது. எங்க டாக்டர் காலைல கிளினிக் தெறக்கறதுக்கு முன்னாடியே வந்து எழுதிக் குடுத்துட்டார், ஃபீஸ் நீட்டினா வாங்கல. பேரு ஆதார்ல இருக்கற மாதிரியே ஸ்பெல்லிங் இருக்கான்னு அங்கயே பார்த்துடுங்க, பெரியம்மாவோட பென்ஷனுக்கு அதுதான் முதல்ல கேட்டாங்க.