லொக் விழுகுதெண்டால் திறப்பில பிழையில்லை: 340 டொலர் குடுத்துப் படிச்ச பாடம்

கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் இருக்கிற ஆக்கள் கவனியுங்கோ. கராஜின் பெயரை மட்டும் கேட்காதேங்கோ, சொல்லமாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

ஜனவரி கடைசி. வெளியில் மைனஸ் 22. விடிய நாலரைக்கு வேலைக்கு இறங்குகிற ஆளுக்கு ரிமோட் ஸ்டார்ட், அதாவது வீட்டுக்குள் நின்றே கார்த் திறப்பால் எஞ்சினை ஓடவிடுகிறது, ஒரு சொகுசுச் சாமான் இல்லை. குசினி ஜன்னலடியில் நின்று திறப்பில் இருக்கிற லொக் பட்டனை ஒருதரம் தட்டி, அம்புக்குறி வளைந்திருக்கிற பட்டனை நாலு செக்கன் அமத்திப் பிடித்தால், தேத்தண்ணி குடித்து முடிக்க முன் கண்ணாடியில் உறைந்தது இளகத் தொடங்கியிருக்கும். அந்தத் திங்கட்கிழமை லொக் விழுந்தது, லைட் மினுங்கியது. எஞ்சின் மட்டும் அசையவில்லை.

பற்றரிதான் என்று நினைத்தேன். சிஆர் 2032, சல்லிக்காசு மாதிரி இருக்கிற 3 வோல்ட் பற்றரி, குளிருக்குச் சோர்ந்துபோகும். புதிசு போட்டேன், அதே கதை. மனுசி தன்ர திறப்பாலும் அமத்திப் பார்த்தா. "இதுவும் ஸ்டார்ட் பண்ணேல்லையப்பா. ரெண்டு திறப்பும் ஒரே நாளிலயே சாகும்?" என்றா. விடை அதுக்குள்ளேயே இருந்தது. நான் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டேன்.

கராஜ் தெரிந்த ஒருவர் சொன்ன இடம். எங்கட ஆக்கள், எங்கட பாசை. அங்கே போனால் நாங்கள் கேள்வி கேட்கிறதில்லை, கேட்டால் அவமரியாதை என்று ஒரு நினைப்பு. முதலாளித் தம்பி திறப்பை வாங்கி இரண்டுதரம் அமத்தினார்.

"ரிமோட் செத்துப்போச்சு அண்ணை. புதுசு எடுத்து புரோகிராம் பண்ணவேணும். 340. காசெண்டால் டக்ஸ் இல்லை."

13 வீத டக்ஸ், 44 டொலர் மிச்சம் என்று என்ர மூளை கணக்குப் போட்டது. மெசினைக் கொழுவி என்னவோ தட்டினார்கள், பொனட்டைத் திறந்து பார்த்து ஓங்கி அடித்து மூடினார்கள், புதுத் திறப்பை அமத்தினார்கள். கார் உறுமியது. பழைய திறப்பைக் கேட்டேன். "அது குப்பை அண்ணை, எறிஞ்சாச்சு." பில் துண்டு ஒன்றும் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

நாலு நாள் ஓடியது. வெள்ளிக்கிழமை விடிய திரும்பவும் லொக் விழுந்தது, லைட் மினுங்கியது, எஞ்சின் பேசாமல் கிடந்தது. போனேன். "அப்ப மொடியூல்தான் அண்ணை. 620 வரும்." இந்தமுறை யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன்.

வேலையிடத்தில் ஒரு பிலிப்பினோ நண்பர். ஊரில் மெக்கானிக்காக இருந்தவர், இங்கே என்னோடு பெட்டி தூக்குகிறார். என்ர கதையைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: லொக் வேலை செய்யுதா? ஓம் என்றேன். அப்படியென்றால் திறப்பை விடு, அது சொன்னது காருக்குக் கேட்டிருக்கு, கார்தான் மாட்டேன் என்கிறது என்றார்.

கார் மறுக்கிறதுக்குக் காரணங்கள் இருக்காம். கதவு ஒன்று வடிவாகச் சாத்தப்படவில்லை, ஹசார்ட் லைட் போட்டிருக்கு, கியர் பார்க்கில் இல்லை, செக் எஞ்சின் லைட் எரியுது. ஏற்கெனவே இரண்டுதரம் ரிமோட்டால் ஸ்டார்ட் பண்ணி முடிந்திருந்தாலும் பல கார்கள் மூன்றாம் முறை கேட்காது, உள்ளே ஏறி ஒருதரம் ஸ்டார்ட் பண்ணினால்தான் திரும்பக் கேட்கும். பொனட் திறந்திருந்தாலும் அப்படித்தான், கையை உள்ளே விட்டு வேலை செய்துகொண்டிருக்கிறவனின் விரல் போய்விடக்கூடாது என்பதற்காக. சில கார்கள் காரணத்தை முன்தட்டில் எழுதிக் காட்டும். என்னுடையது வாயே திறக்காது.

பார்க்கிங்கில் வைத்துப் பொனட்டைத் திறந்தார். கொளுக்கி விழுகிற இடத்தில், பொனட் மூடியிருக்கு என்று காருக்குச் சொல்கிற, சுண்டுவிரல் நகமளவு ஒரு சுவிட்ச். றோட்டு உப்பு வெள்ளையாகப் படிந்து, அதற்கு மேல் பனி இறுகி, அமத்தினால் பாதி வழியில் நின்றது. அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை கண்ணாடி கழுவுகிற நீலத் தண்ணி ஊற்றத் திறந்தது நான்தான். பனிக்கையுறையோடு மெதுவாக விட்டு மூடினதும் நான்தான். மூடினது எனக்குத் தெரியும், காருக்குத் தெரியாது. பழைய பல்துலக்கி ஒன்றும், கனெக்டர் துப்புரவாக்குகிற ஸ்பிரே ஒரு டின்னும், பத்து நிமிசமும். வெள்ளிக்கிழமை பின்னேரமே கார் குசினி ஜன்னலுக்குப் பதில் சொல்லத் தொடங்கியது. கராஜில் நாலு நாளைக்கு ஓட வைத்தது 340 டொலர் இல்லை, அவர்கள் பொனட்டை ஓங்கி அடித்த அடி.

இரவு படுத்த பிறகுதான் மற்றது உறைத்தது. பழைய திறப்பு. பல கார்களில் புதிசு ஒன்றைச் சேர்த்தால் பழசு தானாக அழியாது, அழிக்கச் சொல்லி அழிக்கவேணும். கார்க் களவுக்காக 2024 பெப்ரவரியில் ஒட்டாவாவில் ஒரு மாநாடே வைத்த நாட்டில், என்ர காரைத் திறக்கிற சாமான் யாரோ ஒருவரின் மேசையில் கிடக்கிறது. புரோகிராம் பண்ணுகிறவர் காரில் இப்போது எத்தனை திறப்பு பதிந்திருக்கு என்று மெசினில் பார்க்கலாம். நிற்கிறபோதே கேளுங்கோ.

சட்டத்தையும் தேடி வாசித்தேன். ஒன்ராறியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கராஜ்காரர் எழுத்தில் எஸ்டிமேட் தரவேணும், பில் அதை 10 வீதத்துக்கு மேல் தாண்டக்கூடாது, கழட்டின பாகத்தைத் திருப்பித் தர முன்வரவேணும், போட்ட பாகத்துக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் இருக்கு. எல்லாம் துண்டு வைத்திருக்கிறவனுக்கு. நான் 44 டொலரை மிச்சம் பிடித்தவன்.

சனிக்கிழமை விடிய கராஜ் திறக்கிறபோதே போய் நின்றேன். "தம்பி, என்ர பழைய திறப்பு வேணும்." எறிஞ்சாச்சு என்றார் திரும்பவும். தந்தால்தான் போவன் என்று கதிரையில் இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே போய் ஒரு ஐஸ்கிரீம் வாளியைக் கொண்டுவந்து வைத்தார். பத்துப் பதினைந்து திறப்புகள். எங்கட இரண்டும் மாறிப்போகாமல் இருக்க மனுசி ஒன்றில் சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு வைத்திருந்தா. பொட்டைக் கண்டு எடுத்தேன்.

கண்ணாடிக்கு வெளியே கார் நின்றது. லொக்கை ஒருதரம் தட்டினேன். அம்புக்குறியை நாலு செக்கன் அமத்திப் பிடித்தேன். கார் உறுமியது.

தம்பி காரைப் பார்த்தார், திறப்பைப் பார்த்தார்.

"சிலநேரம் இப்பிடித் தானா உயிர்க்கும் அண்ணை."