நீஸில் வாடகைக் கார் எடுப்பவர்களே, கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

பிரெஞ்சு ரிவியேராவில் தொடங்கி இத்தாலியின் லிகூரியக் கடற்கரையோரமாக நண்பர்களோடு காரில் போகத் திட்டமிடுபவர்களுக்கான எச்சரிக்கை இது. நீஸ் விமான நிலையத்தில் வண்டி எடுத்து, வென்டிமிலியா, ஜெனோவா வழியாக லா ஸ்பெசியா வரை போய்த் திரும்பிய நான்கு பேர் குழுவிடம் ஒரு வாடகை நிறுவனம் பணம் பிடுங்கிய விதத்தை அப்படியே எழுதுகிறோம். முன்பதிவில் காட்டிய வாடகையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கடைசியில் கார்டிலிருந்து போயிருக்கிறது. வழியில் விபத்து எதுவும் இல்லை. பணம் போனதெல்லாம் சாவி வாங்கிய கவுன்டரில், சாவி திருப்பிக் கொடுத்த பார்க்கிங்கில், ஊர் திரும்பிப் பல வாரம் கழித்து வந்த மின்னஞ்சல்களில்.

முதலில் கவுன்டர். ஐரோப்பாவில் வாடகையோடு சேர்ந்து வரும் அடிப்படைக் காப்பீடு முழுக் காப்பீடு அல்ல. வண்டிக்குச் சேதம் வந்தால் முதல் பகுதியை வாடிக்கையாளரே கட்ட வேண்டும். அதற்கு எக்செஸ் என்று பெயர். சிறிய வண்டிக்கே அது 1,000 யூரோவைத் தாண்டுவது சாதாரணம். அந்தத் தொகையையோ அதில் ஒரு பகுதியையோ கிரெடிட் கார்டில் பிளாக் செய்வார்கள், அதாவது எடுக்காமல் முடக்கி வைப்பார்கள். கார்டு, ஒப்பந்தத்தில் முதன்மை ஓட்டுநராக இருப்பவர் பெயரிலேயே இருக்க வேண்டும். ஓட்டுபவர் ஒருவர், கார்டு இன்னொருவருடையது என்றால் பல இடங்களில் வண்டி கிடைக்காது, முன்பணமும் திரும்பாது. டெபிட் கார்டும் பெரும்பாலும் எடுபடாது. இந்திய வங்கிக் கார்டு என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயக்கத்தில் இருக்கிறதா, லிமிட் பிளாக் தொகையைத் தாங்குமா என்று கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் பார்த்துவிடுங்கள்.

இந்தக் குழுவின் கார்டில் லிமிட் போதவில்லை. அதைத் தெரிந்துகொண்ட நொடியிலேயே கவுன்டர் ஊழியர் தன் விற்பனையைத் தொடங்கிவிட்டார்: "எங்களிடம் முழுக் காப்பீடு எடுத்தால் பிளாக் தொகை குறையும்." ஒரு நாளைக்கு 30 யூரோ என்று கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. எட்டு நாளைக்குக் கணக்குப் போட்டால் 240 யூரோ. பல நேரம் அது வாடகையைவிட அதிகம். முன்பதிவுத் தளத்தில் ஏற்கெனவே காப்பீடு வாங்கியிருக்கிறோம் என்று சொன்னதற்கு, "அது இங்கே செல்லாது" என்று பதில். இதில் பாதி உண்மை, பாதி மிரட்டல். தளம் விற்பது பணத்தைப் பின்னால் திருப்பித் தரும் காப்பீடு: வாடகை நிறுவனம் எக்செஸைப் பிடித்துக்கொள்ளும், ரசீதுகளை அனுப்பி நீங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே பிளாக் குறையாது என்பது சரி, காப்பீடே செல்லாது என்பது பொய். அந்தக் காப்பீடு உங்கள் நாட்டில் வசிப்பவர்களுக்குப் பொருந்துமா என்பதை மட்டும் வாங்கும்போதே படித்துப் பாருங்கள். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி, கூரை ஆகியவை அடிப்படைக் காப்பீட்டில் பெரும்பாலும் சேராது. தனிக் காப்பீடு எடுப்பதானால் இவை அதில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

அடுத்தது டேப்லெட் கையெழுத்து. "டெபாசிட்டுக்காக ஒரு கையெழுத்து" என்று ஊழியர் திரையை நீட்டுவார். மேலே என்ன இருக்கிறது என்று விரலால் தள்ளிப் பார்க்க விடமாட்டார். இந்தக் குழுவின் ஒப்பந்தத்தில் முழுக் காப்பீடு, வழியில் பழுதானால் உதவி, முன்கூட்டியே வாங்கிய ஒரு டேங்க் பெட்ரோல் என மூன்று கூடுதல் சேவைகள் அப்படித்தான் ஏறின. இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளில் திருப்பலாம் என்ற ஐரோப்பிய ஒன்றிய உரிமை, குறிப்பிட்ட தேதிக்கு எடுக்கும் வாடகைக் காருக்குப் பொருந்தாது. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். ஒப்பந்தத்தை முழுதாகத் திரையில் காட்டச் சொல்லுங்கள், ஆங்கிலப் பிரதியை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள், அது வந்து படித்த பிறகே கையெழுத்து. வரிசை நீள்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். அந்தக் கூச்சத்தை நம்பித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

அதே கவுன்டரில் கார்டு இயந்திரம் "ரூபாயா, யூரோவா" என்று கேட்கும். சில நேரம் ஊழியரே ரூபாயை அமுக்கிவிடுவார். எப்போதும் யூரோ. ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது உங்கள் வங்கி அல்ல, அந்த இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம். அந்த விகிதம் வாடிக்கையாளருக்குச் சாதகமாக இருப்பதே இல்லை.

எரிபொருளில் நியாயமான முறை ஒன்றே ஒன்று: நிரம்பிய டேங்கோடு எடுத்து, நிரம்பிய டேங்கோடு திருப்புவது. முன்கூட்டியே ஒரு டேங்குக்குப் பணம் கட்டினால் மிச்சம் இருக்கும் பெட்ரோலுக்குப் பணம் கிடையாது. விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் யாரும் டேங்கைத் துடைத்துக் காலி செய்து கொண்டுவர முடியாது. பங்கில் தவறான குழாயைப் பிடித்தால் இன்ஜினுக்கான செலவு முழுக்க உங்கள் தலையில். பெட்ரோல் பிரான்ஸில் "சான் ப்ளோம்", இத்தாலியில் "பென்சினா". டீசல் முறையே "கசோல்", "கசோலியோ". 2018 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க ஒரே குறியீடு: வட்டத்துக்குள் இ5, இ10 என்றிருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றிருந்தால் டீசல். டேங்க் மூடியின் உள்பக்கத்திலும் அதே குறி இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

வண்டியின் அளவை வைத்தும் ஒரு வசூல் உண்டு. நான்கு பேர், நான்கு பெரிய பெட்டி என்று பார்த்ததுமே "இது போதாது, நாளுக்கு இவ்வளவு கூடுதலாகக் கொடுத்தால் பெரிய வண்டி" என்பார்கள். ஃபியட் பாண்டா டிக்கியின் கொள்ளளவு 225 லிட்டர், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபில் 380 லிட்டர். விமானத்தில் செக்-இன் செய்யும் பெரிய பெட்டி ஒன்றே சுமார் 100 லிட்டர். நான்கும் கோல்ஃபில்கூட ஏறாது. ஒன்று கேபின் பெட்டிகளோடு போங்கள், அல்லது முன்பதிவிலேயே ஸ்டேஷன் வேகன் வகையைத் தேர்ந்தெடுங்கள். கவுன்டரில் கேட்கும் விலை எப்போதும் முன்பதிவு விலையைவிடக் கூடுதல்.

இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஆர்.டி.ஓ.விடம் வாங்கிக்கொண்டு, மூல உரிமத்தையும் சேர்த்து எடுத்துப் போக வேண்டும். ஓராண்டு செல்லும். இத்தாலியில் அது இல்லாமல் ஓட்டுவது குற்றம். ஓட்டப்போகும் ஒவ்வொருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பெயர் இல்லாத நண்பர் ஸ்டியரிங்கைப் பிடித்து இடித்துவிட்டால் எந்தக் காப்பீடும் கிடையாது. எல்லை தாண்டி இத்தாலிக்குள் போகப்போவதையும் எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வண்டியை இத்தாலியிலேயே விட்டுவிட்டு வரலாம் என்ற ஆசை வேண்டாம். வேறு நாட்டில் ஒப்படைக்கும் கட்டணம் பல நூறு யூரோ ஆகும்.

சாவி கைக்கு வந்ததும் பார்க்கிங்கில் செய்ய வேண்டியதில்தான் பெரும்பாலான குழுக்கள் கோட்டை விடுகின்றன. இந்தக் குழுவிடம் பின்னால் கேட்ட மிகப் பெரிய தொகை, பின்பக்க இடது சக்கர ரிம்மில் இருந்த உரசலுக்கு. அது முன்பே இருந்தது என்று நிரூபிக்க அவர்களிடம் படம் இல்லை. ஒருவர் வண்டியைச் சுற்றி மெதுவாக நடந்து, நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுக்க வேண்டும். தொடக்கத்தில் நம்பர் பிளேட், பிறகு ஒவ்வொரு கதவு, முன்பின் பம்பர்களின் அடிவிளிம்பு, நான்கு ரிம்களும் தனித்தனியாகக் கிட்டத்தில், கூரை, முன்கண்ணாடி. பிறகு உள்ளே இருக்கை, டேஷ்போர்டில் கிலோமீட்டரும் எரிபொருள் முள்ளும். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா, காற்றடிக்கும் கிட் மட்டும்தானா, முக்கோணப் பலகையும் ஒளிரும் மேலங்கியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தரைத்தள கார் பார்க்கிங் இருட்டாக இருந்தால் கைபேசி விளக்கைச் சாய்வாக அடித்தால்தான் நெளிவு தெரியும். மழையில் நனைந்த வண்டியில் கீறல் மறைந்துவிடும், துணியால் துடைத்துப் பாருங்கள். கொடுத்த படிவத்தில் குறிக்கப்படாத ஒவ்வொரு கீறலையும் ஊழியர் எழுதிக் கையெழுத்திடும்வரை வண்டியை நகர்த்தாதீர்கள். "சின்னதுதான், பரவாயில்லை" என்று வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை.

சாலையில் பணம் போகும் வழிகள் இரண்டு. ஒன்று சுங்கச்சாவடி. நீஸிலிருந்து எல்லை வரை ஏ8 நெடுஞ்சாலை, அங்கிருந்து ஜெனோவா வரை ஏ10, பிறகு லா ஸ்பெசியா பக்கம் ஏ12. இத்தாலியில் நெடுஞ்சாலைக்குள் நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது கட்ட வேண்டும். சீட்டைத் தொலைத்தால் மிகத் தூரத்து நுழைவாயிலிலிருந்து கணக்கிடுவார்கள். மஞ்சள் நிறத் தடம், நிற்காமலே சுங்கம் கட்டும் டெலிபாஸ் கருவி உள்ளவர்களுக்கு மட்டும், நீலம் கார்டுக்கு, வெள்ளை ரொக்கத்துக்கு. தவறித் தடம் மாறினால் பின்னோக்கி எடுக்கவே கூடாது, அது ஆபத்தும் குற்றமும். உதவிப் பொத்தானை அமுக்கினால் கட்டாத தொகைக்கு ஒரு சிலிப் வரும், அதை 15 நாளுக்குள் கட்டலாம். கட்ட மறந்தால் நோட்டீஸ் வாடகை நிறுவனத்துக்குப் போகும், அவர்கள் தங்கள் கட்டணத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். அவசரம் இல்லாத நாளில் எஸ்எஸ்1 அவுரேலியா சாலையில் போங்கள். சுங்கம் இல்லை, ஊர் ஊராக நுழைந்து மெதுவாகப் போகும். கடலைப் பார்க்க வந்தவர்களுக்கு அதுதான் சாலை.

இரண்டாவது, இத்தாலிய நகரங்களின் பழைய மையப்பகுதிகளில் இருக்கும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மண்டலம். இசட்டிஎல் என்பார்கள். ஜெனோவா, லா ஸ்பெசியா, பீசா, ஃபுளோரன்ஸ் எல்லாவற்றிலும் உண்டு. வெள்ளைப் பலகையில் சிவப்பு வளையம், அதோடு பல இடங்களில் ஒளிப்பலகை: "வார்கோ அத்தீவோ" என்றிருந்தால் மண்டலம் இயங்குகிறது, நுழையக் கூடாது. தடுப்பு எதுவும் இருக்காது, கேமரா மட்டும்தான். அபராதம் 80 யூரோவுக்கு மேல்.  கைபேசி வரைபடம் இதைச் சொல்லும் என்று நம்பாதீர்கள். விடுதி மண்டலத்துக்குள் இருந்தால் வண்டி எண்ணை முன்பே கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சிங்க்வே தெர்ரே என்ற ஐந்து கடலோரக் கிராமங்களுக்குக் காரே வேண்டாம்: லா ஸ்பெசியாவிலோ லெவான்டோவிலோ நிறுத்திவிட்டு ரயில் ஏறுவதுதான் சரி. நிறுத்தும்போது தரைக் கோட்டைப் பாருங்கள்: நீலம் கட்டணம், வெள்ளை பொதுவாக இலவசம், மஞ்சள் உங்களுக்கு இல்லை.

இந்த அபராதத்தில் ஒரு குழப்பம் வேண்டுமென்றே வளர்க்கப்படுகிறது. ஊர் திரும்பிய பிறகு வாடகை நிறுவனம் கார்டில் 40, 50 யூரோ என்று எடுக்கும். அது அபராதம் அல்ல, உங்கள் பெயரையும் முகவரியையும் காவல்துறைக்குக் கொடுத்ததற்கான கூலி. உண்மையான அபராதம் பிறகு தனியாக வரும். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு அனுப்ப 360 நாள் அவகாசம் உண்டு. நோட்டீஸ் கிடைத்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும். ஆகவே குழுவின் பொதுப்பணத்தைக் கணக்கு முடித்துப் பிரித்துவிடாமல் ஒரு பகுதியைத் தனியாக வைத்திருங்கள். யார் எந்த நாளில், எந்த நேரத்தில் ஓட்டினார்கள் என்று தினமும் ஒரு வரி எழுதி வையுங்கள். நோட்டீஸில் நேரம் நிமிடக் கணக்கில் இருக்கும். குறிப்பு இல்லாத குழுவில் கார்டு கொடுத்தவரே எல்லாவற்றையும் சுமக்கிறார். நட்பு அங்கேதான் கசக்கிறது.

ஒப்படைக்கும் நாள். நீஸில் வாடகைக் கார் மையம் இரண்டாவது முனையத்தில். ஊழியர் இருக்கும் நேரத்தில் போய்ச் சேருங்கள். அதிகாலை விமானம் என்று சாவியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனால், மறுநாள் யாராவது பார்க்கும்வரை வண்டிக்கு நேரும் எல்லாவற்றுக்கும் நீங்களே பொறுப்பு. அப்படித்தான் இந்தக் குழு மாட்டியது. முடிந்தால் முந்தின மாலையே ஒப்படைத்துவிடுங்கள். மையத்துக்குப் பக்கத்துப் பங்கில் நிரப்பிய ரசீது, டேஷ்போர்டின் படம், மறுபடியும் அதே வரிசையில் ஒரு வீடியோ, "புதிய சேதம் இல்லை" என்று எழுதிய ஒப்படைப்புத் தாள். தாள் தர மறுத்தால் மறுத்த நேரத்தைக் குறித்து அங்கிருந்தே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

சேதக் கட்டணம் வந்துவிட்டதா? தொலைபேசியில் பேசாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்: தேதியும் நேரமும் உள்ள படம், வண்டி எடுத்தபோதைய படிவம், பழுதுபார்த்த பில் அல்லது நிபுணர் மதிப்பீடு. பழுதுக்கு மேல் "கோப்பு கையாளும் கட்டணம்", "வண்டி ஓடாத நாட்களுக்கான இழப்பு" என்று சேர்த்திருப்பார்கள், ஒவ்வொன்றும் ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேளுங்கள். பிரான்ஸில் ஒவ்வொரு வணிக நிறுவனமும் நுகர்வோர் சமரசர் ஒருவரைத் தன் நிபந்தனைகளில் குறிப்பிட்டாக வேண்டும். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்த ஓராண்டுக்குள் அவரிடம் போகலாம், நுகர்வோருக்குச் செலவில்லை. இன்னொரு பக்கம் கார்டு கொடுத்த வங்கியிடம், அந்தக் கட்டணத்தை ஏற்கவில்லை என்று மறுப்புப் பதிவு செய்யுங்கள். கால வரம்பு உண்டு, அதனால் நிறுவனத்தின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். இந்திய வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம். இரண்டு வீடியோக்களையும் பெட்ரோல் ரசீதையும் அந்த 360 நாளும் தாண்டும்வரை கைபேசியிலிருந்து அழிக்காதீர்கள்.