ஊர் சுற்றும் டிஸ்க்குக்கு எது சரி: எக்ஸ்ட்4-ஆ, என்டிஎஃப்எஸ்-ஆ, எக்ஸ்ஃபேட்டா?

என்னிடம் இருக்கும் 2 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்கை இதுவரை மூன்று முறை ஃபார்மட் செய்தாகிவிட்டது. முதலில் எக்ஸ்ட்4, அப்புறம் என்டிஎஃப்எஸ், கடைசியாக எக்ஸ்ஃபேட். மூன்றும் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகள் (ஃபைல் சிஸ்டம்): முதலாவது லினக்ஸுடையது, இரண்டாவது விண்டோஸுடையது, மூன்றாவது எல்லாவற்றுக்கும் பொதுவானது. எக்ஸ்ஃபேட்டிலேயே இருந்துவிடுவதாக முடிவு. வேகத்தையெல்லாம் இங்கே ஒப்பிடப்போவதில்லை. பழைய ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்டினாலே இடமில்லை என்பதால் அதைப் பற்றிப் பேசவும் வேண்டியதில்லை. என்னை அலைக்கழித்தது ஒரே விஷயம்: இந்தக் கோப்பு யாருடையது, யார் தொடலாம் என்கிற கணக்கு.

எக்ஸ்ட்4-ல் ஆரம்பித்தேன், ஏனென்றால் அப்போது வீட்டிலும் வேலையிலும் லினக்ஸ்தான். ஃபார்மட் செய்து செருகியதுமே முதல் அடி, எழுத விடவில்லை. புது எக்ஸ்ட்4-ல் மேல் ஃபோல்டர் ரூட்டுக்கு, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தம். சரி, உரிமையாளரை மாற்றும் சௌன் கட்டளை போட்டு என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். மாற்றியது என் பெயருக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் எக்ஸ்ட்4 பெயரை எழுதி வைப்பதே இல்லை, வெறும் எண்ணைத்தான் எழுதுகிறது. உபுண்டு, டெபியன் போன்றவற்றில் முதலில் உருவாகும் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. வீட்டில் நான் 1000. வேலையிடத்துக் கணினியில் எனக்கு முன்பே சக ஊழியர் ஒருவர் கணக்கு வைத்திருந்தார், அதனால் அங்கே நான் 1001. விளைவு என்ன தெரியுமா? வேறு யாரும் படிக்கக்கூடாது என்று 600 என்ற அனுமதி எண் போட்டு வைத்த என் கோப்புகளை என்னாலேயே திறக்க முடியவில்லை, அவர் கணக்கிலிருந்து ஜாலியாகத் திறந்தது. பூட்டும் நான் போட்டதுதான், சாவி போனது அவர் கைக்கு.

அங்கே சௌன் போட்டால் வீட்டில் கதவு மூடும், வீட்டில் போட்டால் அங்கே மூடும். யார் வேண்டுமானாலும் தொடலாம் என்கிற 777 கொடுத்தும் பார்த்தேன். அது இருக்கிற கோப்புக்குத்தான் உதவும், புதிதாக உருவாகும் ஒவ்வொன்றும் யூமாஸ்க் என்கிற இயல்புநிலை அமைப்பு சொன்னபடி மறுபடி 644-ஆக (உரிமையாளர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும்) வந்து நிற்கும். புதுக் கோப்புகளுக்கும் தானாகச் சேரும் கூடுதல் அனுமதிப் பட்டியல் (டீஃபால்ட் ஏசிஎல்) போடலாம். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் 5.12-லிருந்து, டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும்போதே (மவுன்ட்) இந்த எண்ணை அந்த எண்ணாகப் பாவி என்று சொல்லும் வசதியும் இருக்கிறது, அழகான தீர்வு. ஆனால் இதற்கெல்லாம் செருகும் ஒவ்வொரு கணினியிலும் கொஞ்சம் அதிகாரம் வேண்டும். ரூட் கடவுச்சொல் இல்லாத இடத்தில் அழகை வைத்து என்ன செய்வது.

பிறகு வேலையில் விண்டோஸ் வந்தது, அது எக்ஸ்ட்4-ஐ நேரடியாகத் திறக்காது என்பதால் எக்ஸ்ட்4 தானாகவே கழன்றுகொண்டது. என்டிஎஃப்எஸ்-க்கு மாறினேன். இதில் எண் மோதல் இல்லை, ஒவ்வொரு கணக்குக்கும் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான அடையாளம், இன்னொரு கணினியில் அதே அடையாளம் வராது. ஆனால் அதனாலேயே அடுத்த கணினியில் அந்த உரிமையாளர் ஆள் தெரியாதவர் ஆகிவிடுகிறார். நேர்மையாகச் சொன்னால், சாதாரணமாக நகலெடுக்கும்வரை தொல்லை இல்லை, போய்ச்சேரும் ஃபோல்டரின் அனுமதியையே கோப்பு எடுத்துக்கொள்ளும். விண்டோஸின் ரோபோகாப்பி என்கிற நகலெடுக்கும் கட்டளையில் பாதுகாப்புத் தகவலையும் சேர்த்து இழுத்து வந்தீர்களானால்தான், 'இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வரும். தொடரட்டும் என்று அழுத்தினால் உங்கள் கணக்கையும் அந்த ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் நிரந்தரமாகச் சேர்த்துவிடும். இப்படி ஒவ்வொரு கணினியும் தன் பங்குக்கு ஒரு வரி எழுதிவைக்க, பட்டியல் நீண்டுகொண்டே போகும். என்டிஎஃப்எஸ்-ஐக் கைவிட்டதற்கு உண்மையான காரணம் இதுகூட இல்லை, அக்காவின் மேக்தான். மேக் என்டிஎஃப்எஸ்-ஐப் படிக்கும், எழுதாது.

எக்ஸ்ஃபேட்டில் உரிமையாளர் என்று எழுதிவைக்க இடமே கிடையாது. யார் செருகுகிறாரோ கோப்பெல்லாம் அவருடையது. லினக்ஸ் டெஸ்க்டாப்பில் செருகினால் அந்த நேரத்தில் லாகின் செய்திருப்பவரின் எண்ணை எல்லாக் கோப்புக்கும் ஒட்டிக் காட்டும், கழற்றினால் அதுவும் போய்விடும். (எஃப்எஸ்டேப் என்கிற அமைப்புக் கோப்பில் நீங்களே எழுதி மவுன்ட் செய்வதாக இருந்தால் உங்கள் பயனர் எண்ணை (யூஐடி) குறிப்பிட மறக்காதீர்கள், இல்லையென்றால் எல்லாம் ரூட் பெயரில் நிற்கும்.) விண்டோஸ், மேக் இரண்டிலும் படிக்கவும் எழுதவும் ஒன்றும் நிறுவ வேண்டாம். லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே 5.4-லிருந்து இருக்கிறது.

அப்படியென்றால் பாதுகாப்பு? இந்தக் கேள்விதான் என்னை ரொம்ப நாள் எக்ஸ்ட்4-லேயே கட்டிப்போட்டது. யோசித்துப் பாருங்கள், கையோடு எடுத்துப்போகும் டிஸ்க்கில் அனுமதி எண்களைக் காப்பாற்றுவது அது செருகப்பட்ட கணினியின் கெர்னல். டிஸ்க்கை எடுத்துப்போனவர் தன் கணினியில் ரூட், அவரை 600 என்ன செய்யும்? என்னைத்தான் தடுத்தது. ரகசியமான கோப்புகளை வெராகிரிப்ட் என்கிற மறையாக்க மென்பொருளின் பெட்டிக்குள் வைத்துவிட்டேன், மூன்று சிஸ்டத்திலும் திறக்கிறது.

இழப்பும் உண்டு. அனுமதி எண்ணை மாற்றும் சிமாட் கட்டளை போட்டால் கேட்காது. இன்னொரு கோப்பைச் சுட்டும் சிம்லிங்க் வைக்க முடியாது. ஏற்கெனவே இருந்த கிட் ரெப்போவை (கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்துவரும் ஃபோல்டர்) அப்படியே நகலெடுத்தபோது ஒரு வரிகூடத் தொடாத கோப்புகள் எல்லாம் மாறிவிட்டதாகக் காட்டியது, அனுமதி எண் மட்டும் 644-லிருந்து 755-ஆகத் தெரிந்ததுதான் காரணம். கிட்டில் அனுமதி மாற்றத்தைக் கவனிக்கும் கோர்.ஃபைல்மோட் அமைப்பை அணைத்ததும் அடங்கியது. அனுமதி முக்கியமான ஃபோல்டரை டார் கட்டளையால் கட்டி ஒரே கோப்பாக வைக்கிறேன், உரிமையாளர், அனுமதி, சிம்லிங்க் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கும். ரூட்டாகப் பிரிக்கும்போது டார் முதலில் பெயரைத் தேடும், எண்ணே வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும், சாதாரணப் பயனராகப் பிரித்தால் எல்லாம் உங்கள் பெயருக்கே வரும்.

எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) இல்லை என்பது நிஜமான பலவீனம். சொல்லாமல் பிடுங்கினால் எக்ஸ்ட்4, என்டிஎஃப்எஸ் அளவுக்குத் தாங்காது. எனக்கு இதுவரை எதுவும் போகவில்லை, ஆனால் நான் ஒவ்வொரு முறையும் இஜெக்ட் செய்கிற ஆள், அதனால் என் அனுபவத்தை இதில் பெரிதாக நம்ப வேண்டாம். மேக்கிலும் நான் விருந்தாளிதான். கோப்புக்குக் கோப்பு புள்ளியும் அடிக்கோடும் வைத்துத் தொடங்கும் குட்டிக் கோப்பு ஒன்றை அது போட்டுவிட்டுப் போவதைத் தவிரத் தொந்தரவு எதுவும் பார்த்ததில்லை.

எக்ஸ்ட்4-ஐ முழுக்கத் துரத்திவிடவில்லை. சிஸ்டம் பேக்கப்புக்கு ஆர்சிங்க் என்கிற நகலெடுக்கும் கருவியை ஓட்டும் இன்னொரு டிஸ்க் அதில்தான் இருக்கிறது, அங்கே ஒவ்வொரு எண்ணும் அப்படியே வேண்டும். அந்த டிஸ்க் வீட்டுக் கணினியைத் தவிர வேறெதிலும் செருகப்பட்டதில்லை.