பிரஷர் மெஷினும் கூடவே ஒரு நோட்டும்: ஆறு வருட அனுபவம்

வீட்டில் பிரஷர் மெஷின் வாங்கி ஆறு வருடம் முடிந்துவிட்டது. வாங்க வைத்தது ஒரு கிளினிக்கில் நடந்த சம்பவம். மாடிப்படி ஏறிப் போய் உட்கார்ந்த கையோடு, முழுக்கைச் சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி அளந்தார்கள். 168/102 காட்டியது. உடனே மாத்திரை இரண்டு மடங்கானது. நாலாம் நாள் காலை கட்டிலை விட்டு எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வேறொரு டாக்டரிடம் போனேன். மாத்திரையைப் பழைய அளவுக்கே கொண்டுவந்தார். "ஒரு வாரம் வீட்ல பார்த்து எழுதிக்கிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். அன்று சாயங்காலமே மேல்கையில் கட்டும் மெஷின் ஒன்று வாங்கினேன். மணிக்கட்டில் கட்டுவது விலை குறைவு, கையாளவும் சுலபம். ஆனால் கை இதய மட்டத்திலிருந்து கொஞ்சம் இறங்கினாலும் ஏறினாலும் அதன் கணக்கு மாறிவிடும் என்பதால் வேண்டாம் என்றார் டாக்டர்.

அவர் சொல்லிக் கொடுத்த முறையைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறேன். காலையில் மாத்திரை போடுவதற்கு முன், சிறுநீர் கழித்துவிட்டு, காபி குடிக்காமல், முதுகு சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பிறகு ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். சாயங்காலமும் அதே மாதிரி. ஏழு நாளில் 28 அளவுகள் சேரும். முதல் நாளின் நாலையும் விட்டுவிட்டு மீதி 24-க்கும் சராசரி எடுக்க வேண்டும். என் முதல் வாரத்தில் அதிகபட்சம் 158, குறைந்தபட்சம் 116. சராசரி 131/83. வீட்டு அளவுக்கு எல்லை 135/85. ஆக, பழைய மாத்திரையே போதுமானதாக இருந்திருக்கிறது. ஒரே ஒரு எண்ணை வைத்து என் மருந்தை இரட்டிப்பாக்கியதை இன்றைக்கு நினைத்தாலும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

28 எண்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததைப் பார்த்து முதலில் மெஷின் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. ரத்த அழுத்தமே ஒவ்வொரு துடிப்புக்கும் மாறுகிற விஷயம். மெஷினும் டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கிற மாதிரி கேட்பதில்லை. பட்டையில் காற்று இறங்கும்போது ரத்தக் குழாயின் அதிர்வைப் பிடித்து, அதிலிருந்து மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கணக்குப் போட்டுத் தருகிறது. அதனால்தான் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு ஒரே அளவை நம்ப முடிவதில்லை.

அடுத்தது அம்மா விஷயம். அம்மாவுக்கு மேல்கை பருமன். என் பட்டையைச் சுற்றினால் வெல்க்ரோ ஓரத்தில்தான் ஒட்டும். காற்று ஏற ஏற அது சரக்கென்று பிரியும். "கையை நெரிக்குதுடா தம்பி, கழட்டு" என்பார்கள். தையல் டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன், 35 செ.மீ. பட்டையின் உள்பக்கத்தில் 22–32 என்று அச்சடித்திருக்கிறது. அதை அதுவரை நான் படித்ததே இல்லை. 32–42 பட்டையைத் தனியாக வாங்கி ஒரு வாரம் பார்த்ததில் அம்மாவின் சராசரி 152-லிருந்து 146-க்கு இறங்கியது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 195 பேரிடம் இதையே சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள். பெரிய பட்டை தேவைப்படுகிறவருக்குச் சாதாரணப் பட்டை கட்டினால் மேல் எண் சராசரியாக 5 பாயின்ட் கூடுகிறது. அதைவிடப் பெரிய பட்டை தேவைப்படுகிறவருக்கோ 19.5. மெஷின் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து முதலில் டேப்பை எடுங்கள்.

கை வைக்கும் இடமும் அப்படித்தான். அதே நிறுவனத்தார் 133 பேரிடம் செய்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில், கையை மேசையில் வைக்காமல் மடியில் வைத்தால் மேல் எண் ஏறக்குறைய 4 கூடியது. தொங்கவிட்டால் 6.5. எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை தாழ்வு. இரண்டு தலையணை உறையை மடித்துக் கைக்குக் கீழே வைத்துக்கொள்கிறோம்.

ராத்திரி மாத்திரை போட்டால்தான் இதயத்துக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் சுற்றியபோது நானும் சில மாதம் மாற்றிக்கொண்டேன். பாதி நாள் மறந்தே போனது. பிரிட்டனில் 21,104 பேரைச் சராசரியாக ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்த 'டைம்' என்ற ஆய்வு 2022-ல் வந்தது. காலையோ ராத்திரியோ, மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் வித்தியாசம் இல்லை. சரி என்று காலைக்கே திரும்பிவிட்டேன்.

நோட்டில் கடைசிக் கட்டம் 'குறிப்பு'. அதுதான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. மோர்மிளகாய், அப்பளம், தொக்கு என்று எழுதிய வாரங்களில் சராசரி ஆறு ஏழு பாயின்ட் கூடியிருக்கும். சீனாவில் 600 கிராமங்களில், ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்த ஆய்வில், உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றியதும் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. அந்த உப்பை வாங்கலாமா என்று கேட்டேன். நான் போடும் டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரையே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது என்பதால், ரத்தப் பரிசோதனை பார்க்காமல் வேண்டாம் என்றார் டாக்டர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கேட்காமல் தொடக்கூடாது. நாங்கள் தொக்கை மட்டும் குறைத்தோம்.

மெஷினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாலு பேட்டரி எனக்கு ஏழெட்டு மாதம் வரும். தீரும் நேரத்தில் காற்று மெதுவாக ஏறும், 'பிழை' என்று நின்றுவிடும். வெல்க்ரோ நாலாவது வருடம் பிடிப்பு விட்டது, பட்டையை மட்டும் மாற்றினேன். என் மெஷினில் ஒருவருக்கான நினைவகம்தான். அம்மாவின் எண்ணும் என்னுடையதும் கலந்துவிடுவதால் நோட்டு கட்டாயம். வருடத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் எடுத்துப்போய் அவருடைய கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். வாங்குவதற்கு முன் உங்கள் மாடல், முறையாகச் சோதிக்கப்பட்டவற்றைத் தொகுக்கும் ஸ்ட்ரைட் பிபி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் இதை வாங்கிய பிறகுதான் பார்த்தேன். நல்லவேளை, இருந்தது.

பயமும் உண்டு. ஒரு ராத்திரி 171 காட்டியது. அரை மணி நேரத்தில் ஒன்பது தடவை அளந்தேன், அளக்க அளக்க ஏறியது. இப்போது அப்படிச் செய்வதில்லை. பட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஆனால் 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், கை கால் மரத்துப்போதல் என்று ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தினமும் அளப்பதை நிறுத்தி மூன்று வருடமாகிறது. டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தைய வாரம் மட்டும் ஏழு நாள் எழுதுகிறோம். இந்த முறை அம்மாவின் சராசரி 134/78. அம்மாவே பட்டையைச் சுற்றிக்கொண்டு, பேச வந்த பேரனை விரல் காட்டி நிறுத்திவிட்டு, பட்டனை அழுத்துகிறார்கள்.