ரூட் கேனாலா, பிடுங்கிவிடலாமா? என் வாயின் இடதும் வலதும்

என் கீழ்த்தாடையில் இடது பக்கம் ஒரு கடைவாய்ப்பல் இல்லை. வலது பக்கம் அதே இடத்தில் இருக்கும் பல்லில் நரம்பு இல்லை, மேலே மூடி போல ஒரு கேப் இருக்கிறது. இடதை இருபத்தாறு வயதில் பிடுங்கினேன். வலதுக்கு முப்பத்துமூன்றில் ரூட் கேனால், அதாவது பல்லை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் நரம்பை மட்டும் எடுத்து அடைப்பது. சொத்தை ஆழமாகப் போய்விட்டது என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்கும் அந்தக் கேள்விக்கு, ஒரே வாயில் இரண்டு பதிலும் வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, இரண்டு பக்கமும் அனுபவித்த நோயாளி, அவ்வளவுதான்.

இரண்டுமே கீழ் முதல் கடைவாய்ப்பல். ஆறு வயதுவாக்கில் முளைக்கும் பல் இது. பால்பல் எதுவும் விழாமல் பின்னால் தனியாக முளைப்பதால் இதையும் பால்பல் என்று நினைத்துக் கவனிக்காமல் விட்டுவிடும் வீடுகள் நிறைய. அதனால் சீக்கிரம் சொத்தையாவதும் இதுதான். மெல்லும் வேலையில் பெரிய பங்கும் இதற்குத்தான். ‘பல் போனால் சொல் போச்சு’ என்பது முன்பல்லுக்குப் பொருந்தும். கடைவாய்ப்பல் போனால் சொல் அப்படியே இருக்கும், மெல்லுவதுதான் ஒரு பக்கமாக ஒதுங்கும்.

இருபத்தாறில் நான் போட்ட கணக்கு எளிமையானது. பிடுங்கினால் ஒரு தடவை போனால் போதும், ரூட் கேனால் என்றால் இரண்டு மூன்று தடவை போக வேண்டும், செலவும் அதிகம். சரி, பிடுங்கிவிடலாம் என்றேன். பிடுங்கிய பிறகு அந்த இடத்தை என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தப்பு அங்கேதான். பிடுங்குவதை ரூட் கேனாலோடு ஒப்பிட்டேன். பிடுங்குவதும் அந்த இடத்தை நிரப்புவதும் ஒரு கணக்கு, ரூட் கேனாலும் கேப்பும் இன்னொரு கணக்கு என்று பார்த்திருந்தால், அப்போதே வேறு முடிவு எடுத்திருப்பேன்.

அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டதா?

இரண்டில் எது என்று யோசிக்கும் முன், இரண்டும் தேவையா என்று பார்க்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீர் என்று வந்து, சில விநாடிகளில் அடங்கிவிடுகிறதா? நரம்பு பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே போதும் என்று டாக்டர் சொல்லலாம். தண்ணீர் போன பிறகும் வலி நிமிடக்கணக்கில் நிற்கிறதா, ஒன்றும் படாமலே வருகிறதா, தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் அடைக்கும் கட்டம் தாண்டிவிட்டது.

படுத்தால் ஏன் கூடுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறும். நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் பல்லின் உள்ளறைக்கு நாலு பக்கமும் கெட்டிச் சுவர். உள்ளே வீங்கினால் விரிய இடமில்லை. அந்த நெருக்கம்தான் விண் விண்ணென்று தெறிக்கிறது.

இன்னொன்று, வலி திடீரென்று நின்றால் சந்தோஷப்பட வேண்டாம். வலது பல்லில் அப்படித்தான் ஏமாந்தேன். ஒரு வாரம் படுத்தியது, ஒருநாள் காலையில் ஒன்றுமே இல்லை. தானாகச் சரியாகிவிட்டது என்று ஒரு மாதம் சும்மா இருந்தேன். நரம்பு செத்துவிட்டிருந்தது. அப்புறம் ஈறில் கொப்புளம் போல் சீழ் கட்டியபோதுதான் தெரிந்தது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் போகாதா என்று கேட்டேன். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லை, மருந்து உள்ளே எப்படிப் போகும் என்று டாக்டர் திருப்பிக் கேட்டார். வெளியே பரவும் வீக்கத்தையும் காய்ச்சலையும் மருந்து அடக்கும், மூலம் உள்ளேயே இருக்கும்.

எது அதிகம் வலிக்கும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் கண்டவரையில் நாற்காலியில் இருக்கும்போது இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் ஊசி ஒன்றுதான். இன்று பெரும்பாலும் போடும் மரத்துப்போகும் மருந்தான லிடோகெயின், 1943இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது. ரூட் கேனால் என்றாலே நடுங்கும் பழக்கம் நல்ல மருந்துகள் வராத காலத்துச் சொத்து என்பது என் எண்ணம்.

ஊசி போட்டும் வலித்தது என்பவர்கள் பொய் சொல்லவில்லை. சீழும் அழற்சியும் உள்ள இடத்தில் திசு அமிலத்தன்மை அடைந்துவிடும். அங்கே இந்த மருந்து சரியாக வேலை செய்யாது. அதனால்தான் வலி உச்சத்தில் இருக்கும்போது ஓடுவதைவிட அதற்கு முன்பே போவது நல்லது. நடுவில் வலித்தால் கையைத் தூக்குவேன் என்று டாக்டரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக ஊசி போடவும், வேறு இடத்தில் போடவும் வழி இருக்கிறது.

பிடுங்கும்போது எனக்கு வலியை விடச் சத்தம்தான் பயமாக இருந்தது. தாடை எலும்பு வழியாக நேராகக் காதுக்குள் வரும் ஒரு முறுமுறு ஓசை. டாக்டர் இழுக்கவில்லை, பல்லை இப்படியும் அப்படியும் மெதுவாக அசைத்துக் குழியைத் தளர்த்தினார். அழுத்தம் தெரிந்தது, வலி தெரியவில்லை. பத்து நிமிடத்தில் பஞ்சைக் கடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ரூட் கேனால் நேர் எதிர். சத்தம் குறைவு, வாய் திறந்திருக்கும் நேரம்தான் நீளம். முதலில் பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பைக் கிளிப்போடு மாட்டினார்கள். அந்த ஒரு பல் மட்டும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது போல வெளியே நிற்கும். எச்சிலும் கிருமியும் உள்ளே போகாமலும், கருவியோ மருந்தோ தொண்டைக்குள் போகாமலும் காப்பது அதுதான். பிறகு மேலே துளை போட்டு, ஊசியைவிட மெல்லிய அரங்களை, வேருக்குள் நரம்பு ஓடும் குழாய்க்குள் இறக்கிச் சுரண்டினார். அரம் வேரின் நுனியை நெருங்கும்போது பக்கத்தில் இருந்த சிறு கருவி பீப் பீப் என்று கத்தியது. வேரின் நீளத்தை மின்சாரத்தால் அளக்கும் கருவியாம். நடுநடுவே ஊற்றிக் கழுவிய மருந்தில் நீச்சல்குளத்து வாடை. துணி வெளுக்கும் திரவத்தில் இருக்கும் அதே சோடியம் ஹைப்போகுளோரைட்தான். கடைசியில் சுத்தம் செய்த குழாய்களில் கட்டபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை அடைத்தார்கள். ஒரு மரத்தின் பாலிலிருந்து வருவது அது.

முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே குழாய். கடைவாய்ப்பல்லுக்கு மூன்று, நாலு என்று இருக்கும். மேல் முதல் கடைவாய்ப்பல்லில் ஒளிந்திருக்கும் நாலாவது குழாயைத் தவறவிடுவது, ரூட் கேனால் பிறகு தோற்பதற்கு ஒரு காரணம். ஒரே தடவையில் முடிப்பாரா, மூன்று தடவை ஆகுமா என்பது இதையும் பொறுத்ததுதான்.

அடுத்த சில நாட்கள்

ரூட் கேனாலுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் கடித்தால் வலித்தது, சாதாரண வலி மாத்திரை போதுமாக இருந்தது. பிடுங்கியதற்குப் பிறகுதான் அதிகக் கட்டுப்பாடு. குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் மருந்து, அதைக் கலைக்கக் கூடாது. முதல் நாள் வேகமாகக் கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, புகை கண்டிப்பாகக் கூடாது. கட்டி கலைந்து எலும்பு வெளியே தெரிந்தால், இரண்டு மூன்று நாள் கழித்து முதல் வலியைவிடப் பெரிய வலி வரும். அப்படி வந்தால் மாத்திரையோடு மல்லுக்கட்டாமல் திரும்பிப் போங்கள், குழியைக் கழுவி மருந்து வைத்தால் அடங்கும்.

ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் பல் எடுக்கப் போகிறேன் என்று தாங்களாகவே அதை நிறுத்தக் கூடாது. எலும்பு மெலிந்து பலவீனமாகும் நோய்க்கு (ஆஸ்டியோபொரோசிஸ்) சில மருந்துகள் எடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிடுங்கிய பிறகு தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் அந்த மருந்துகளில் உண்டு. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகுமா என்ற கேள்வி இன்னும் வருகிறது. போகாது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

அடுத்த சில வருடங்கள்

பிடுங்கிய இடது பக்கத்தில் முதல் வருடம் எனக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டாவது வருடம் அந்த இடைவெளியில் சாப்பிட்டது சிக்க ஆரம்பித்தது. ஐந்தாவது வருட எக்ஸ்ரேயில் பின்னால் இருந்த பல் முன்பக்கம் சாய்ந்து படுத்திருந்தது. கடிக்க எதிர்ப்பல் இல்லாததால் மேல் பல் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. வேர் போன இடத்தில் எலும்பு மெலிந்திருந்தது. பல் எடுத்த பிறகு வற்றும் எலும்பில் பெரும்பகுதி முதல் வருடத்திலேயே வற்றிவிடும், மிச்சம் அதன் பிறகு மெதுவாக.

வலது பக்கம் இந்தக் கதை எதுவும் இல்லை. ஆனால் அங்கேயும் ஒரு நிபந்தனை உண்டு: கேப். சொத்தையும் துளையும் சேர்ந்து கடைவாய்ப்பல்லின் நடுப்பகுதியைக் காலி செய்துவிடுகின்றன, மிச்சம் நிற்பது மெல்லிய சுவர். வலி போய்விட்டதே என்று கேப் போடாமல் விட்டால், ஒருநாள் கெட்டியான எதையாவது கடிக்கும்போது வேர்வரை பிளக்கும், அப்புறம் பிடுங்குவதுதான். அமெரிக்காவில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட ரூட் கேனால் பற்களின் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 2004இல் ஓர் ஆய்வு வந்தது. எட்டு வருடம் கழித்தும் 97 சதவீதப் பற்கள் வாயில் இருந்தன. பிடுங்க நேர்ந்தவற்றில் 85 சதவீதத்துக்கு முழுக் கேப் இல்லை. முதல் எண்ணைவிட எனக்கு இரண்டாவது எண்தான் முக்கியமாகப் படுகிறது.

ரூட் கேனால் செய்த பல் உடம்பில் வேறு நோய்களைக் கொண்டுவரும் என்ற செய்தியை யாராவது உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள். அதன் வேர் நூறு வருடம் பழசு. வெஸ்டன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1920களில் பரப்பிய கருத்து அது. அந்தக் காலத்தில் அதை நம்பி நல்ல பற்களைக்கூடக் கூட்டமாகப் பிடுங்கினார்கள். பின்னால் வந்த கவனமான ஆய்வுகளில் அது நிற்கவில்லை.

பிடுங்கியாயிற்று, எதை வைத்து நிரப்புவது?

மூன்று வழி. கழற்றி மாட்டும் பல் மலிவு, பக்கத்துப் பல்லை அராவ வேண்டாம், சீக்கிரம் கிடைக்கும். ஒரே ஒரு கடைவாய்ப்பல்லுக்கு அது சரிவராது என்பது என் கட்சி. நாக்கு சும்மா இருக்காது, பலர் நாலு மாதத்தில் டப்பாவுக்குள் போட்டுவிடுகிறார்கள். பல பற்கள் போனவர்களுக்கு அது நல்ல துணை. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், கொதிநீரில் போட்டால் வளைந்துவிடும்.

பிரிட்ஜ் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும், கழற்ற வேண்டாம். இரு பக்கப் பற்களையும் சுற்றிலும் அராவி, மூன்று பல் சேர்ந்த ஒரே கேப்பை மாட்டுவார்கள். அந்த இரண்டு பற்களிலும் ஏற்கெனவே பெரிய அடைப்போ கேப்போ இருந்தால் பிரிட்ஜ் நியாயம். இரண்டும் சொத்தையே இல்லாத பற்கள் என்றால், போன ஒன்றுக்காக நல்லது இரண்டை அராவ மனம் வருமா? எனக்கு வரவில்லை. கீழே நூல் கோத்துத் தினமும் சுத்தம் செய்யாவிட்டால் தாங்கும் பல் உள்ளே சொத்தையாகி மொத்தமும் போகும்.

இம்பிளான்ட் என்பது எலும்பில் இறக்கும் டைட்டேனியம் திருகு. ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க், முயல் எலும்பில் வைத்த டைட்டேனியம் எலும்போடு ஒட்டிக்கொண்டு வரமறுத்ததைக் கவனித்ததில் தொடங்கிய கதை. மனிதரில் முதன்முதலாக 1965இல் பொருத்தினார். பக்கத்துப் பற்களைத் தொடாது, அந்த இடத்து எலும்பும் ஓரளவு நிலைக்கும். எலும்போடு சேர மூன்று முதல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். புகை பிடிப்பவர்களுக்கும், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் தோற்கும் வாய்ப்பு அதிகம். இம்பிளான்ட்டுக்குச் சொத்தை வராது, சரிதான். ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழுகலாம். அதனால் பிரஷ்ஷும் ஆறுமாதப் பரிசோதனையும் தொடரத்தான் வேண்டும்.

பிடுங்குவதே சரி என்னும் இடங்கள்

வேர் நெடுக்காகப் பிளந்த பல், ஈறு நோயில் எலும்பு கரைந்து ஆடும் பல், கேப்பை மாட்டப் போதிய பல்லே ஈறுக்கு மேல் மிஞ்சாத பல். இவற்றில் ரூட் கேனால் செய்வது பணத்தையும் நேரத்தையும் குழிக்குள் போடுவது. ஞானப்பல் பெரும்பாலும் நிரப்பவே தேவையில்லாத பல், அங்கே பிடுங்கினால் கணக்கு அதோடு முடிந்தது.

டாக்டரிடம் நான் இப்போது கேட்பவை: இந்தப் பல்லின் மேல் கேப் நிற்க எவ்வளவு மிச்சம் இருக்கிறது? கேப்போடு சேர்த்து மொத்தம் எவ்வளவு, எத்தனை தடவை? ரப்பர் விரிப்பு போடுவீர்களா? பிடுங்கினால் எப்போது, எதை வைத்து நிரப்புவது? எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கும் டாக்டர் என்றால் பாதிப் பயம் போய்விடும்.

என் இடது பக்கத்துக்கு இம்பிளான்ட் என்று முடிவாகியிருக்கிறது. சாய்ந்த பல் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால், முதலில் கம்பி கட்டி அதை நிமிர்த்த வேண்டுமாம். நாலு மாதம் ஆகிவிட்டது, பல் பாதிதான் எழுந்திருக்கிறது. அதுவரை மெல்லுவதெல்லாம் கேப் போட்ட வலது பக்கம்தான்.