களியக்காவிளை நேர்ச்சைக் கடை: கண் நல்லாயிருக்கு, மெழுகுதிரி வேண்டாம்

கண் ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சா கண்மலர் போடுறேன்னு மாமி அந்தோணியாருக்கு நேர்ந்திருந்தார். அதை வாங்கத்தான் போனேன். பக்கத்து வீட்டு அக்காவும் கூட வந்தாள். மண்டைக்காட்டு பகவதி கோயில் மாசிக் கொடைத் திருவிழாவுக்கு அவளுக்கு ஒரு தகட்டுக் கால் வேணும்.

சந்தைக்குப் போற வழியில் போர்டு இல்லாத ஒற்றை முறிக் கடை. கயிற்றில் கை, கால், நெஞ்சு எல்லாம் தகட்டில் வெட்டித் தொங்குது. கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "கண்ணா, காலா?" எந்தக் கோயிலுக்குன்னு கேட்கவே இல்லை. பாறசாலைக்காரர் ஒருத்தர் "ஆள்ரூபம் உண்டோ?" என்றார், முழு ஆள் உருவத் தகடு; அவருக்கும் அதே டப்பாதான் திறந்தது.

நான் பிறந்தது சிஎஸ்ஐ, அதாவது புராட்டஸ்டண்ட் வீடு. சொரூபம்ங்கற புனிதர் சிலை, நேர்ச்சை எதுவும் கிடையாது. வேறே தேவர்கள் கூடாதுங்கற முதல் கட்டளையை அம்மா விடவே மாட்டாள். ஆனால் அப்போஸ்தலர் பவுல் நிருபம் எழுதி அனுப்பின கிரேக்க நகரமான கொரிந்திலேயே, அஸ்கிளேப்பியஸ்ங்கற வைத்திய தேவன் கோயிலைத் தோண்டினப்போ சுட்ட மண்ணில் செஞ்ச கை, கால், காது குவியலாக் கிடைச்சிருக்கு. எல்லாம் பவுலுக்கு முந்தின காலத்துச் சாமான். நம்ம கடைக்காரருக்கு அங்கேயும் யாவாரம் நடந்திருக்கும்.

சாமான் ஒண்ணுதான், கணக்குதான் வேற. அக்காவுக்குப் புற்றாக இருக்கிற பகவதியே கொடுக்கிறவள். கொடை முடிஞ்சு வேளாங்கண்ணிக்குப் போனாலும் பகவதி கோவிச்சுக்க மாட்டாள் என்பாள். மாமியிடம் அப்படிப் பேச முடியாது. "அந்தோணியார் தாறதில்ல மக்கா, வாங்கித் தாறாரு." 787-ல் நிசேயாவில் திருச்சபை ஆயர்கள் சங்கம் கூடி, சொரூபத்துக்கு வணக்கம், ஆராதனை கடவுளுக்கு மட்டும்னு பிரிச்சு வச்சதை மாமி ஒரே வரியில் முடிச்சிட்டார். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "வாங்கித் தர ஆள் எதுக்கு, நேரா கேட்கத் தெரியாதா?" என்றாள்.

இனி கடை. கண்மலர் ஜோடி அறுபது ரூபாய். விழி, இமை எல்லாம் தெளிவா அடிச்சிருக்கு. அக்காவோட காலில் அஞ்சு விரலையும் எண்ணலாம். மெழுகுதிரி மட்டும் வாங்காதீங்க, மேடையில் வச்ச அரை மணியில் வளைஞ்சு தலை தொங்கிடுச்சு. சாம்பிராணியில் பாதி கரித்தூள். மெல்லிய தகடு ஒரு வாரத்தில் கறுக்கும், கெட்டித் தகடுன்னு கேட்டு வாங்குங்க. சில்லறை கொண்டு போங்க. ஐந்நூறை நீட்டினா மனுஷன் முகம் சுளிக்கிறார்.