ஒற்றை இலை ஹோயா கெர்ரி: வாங்கும் முன் கணுவைப் பாருங்கள்

காதலர் தினத்தையொட்டி விற்கும் இந்த இதய வடிவ இலை மேசைக்கு அழகுதான். கொடியாகப் படரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கணு இல்லாமல் காம்பை மட்டும் நட்டிருந்தால் வேர் விடும், சில ஆண்டுகள் பச்சையாகவே நிற்கும், துளிர் வராது. மேல்மண்ணை விலக்கிப் பாருங்கள். காம்போடு துண்டுத் தண்டும் கணுவும் இருந்தால் நம்பிக்கை உண்டு. விலை கூடினாலும் இரண்டு இலையுள்ள தண்டுக் கன்றே லாபம்.

பெரிய குறை, கூடவே வரும் வெறும் தேங்காய் நார்த்தூள். தாய்லாந்துக் காடுகளில் மரத்தைப் பற்றி வளரும் செடிக்கு அது தேக்கி வைக்கும் ஈரம் ஆகாது. மரப்பட்டைத் துண்டு இரண்டு பங்கு, பெர்லைட் (இலேசான வெள்ளை எரிமலைக்கல் துகள்), நார்த்தூள் ஒவ்வொரு பங்கு கலந்து மாற்றுங்கள். கலவை காய்ந்திருக்கும்போது இலை சுருங்கினால் தாகம். ஈரமிருந்தும் சுருங்கினால் வேர் அழுகல்.